லைன் நான்கு, பதிவேடு

லெபோ ஆச்சேயில் ஒரு பழைய கடைவீடு.
மாடியில் தவமலரின் ஓவியக் கண்காட்சி.
நுழைவு இலவசம் என்றதால்தான்
புஷ்பலீலா என்னையும் இழுத்துப்போனாள்.

ஓவியம் என்று ஒன்றும் இல்லை.
சுவரை அடைத்து நின்றது ஒரு பக்கம்,
கதவைவிடப் பெரிதாக்கிய
கட்டம் போட்ட நோட்டின் ஒரே ஒரு பக்கம்.
எண். போன மணி. வந்த மணி.
ஏழு நிமிடம் தாண்டியவளுக்குச்
சிவப்பு மையில் வட்டம்.

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டி
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச்
சில்லில் பதிப்போம்.
விடிந்து பஸ் ஏறினால்
பாலத்து விளக்குகள் இரண்டிரண்டாய்த் தெரியும்.
கழிவறைக்குப் போக ஓர் அட்டை உண்டு,
முப்பத்தொரு பேருக்கு ஒரே அட்டை.
கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும்.
மாட்டுக்கு மணி என்பாள் ரொஹானா.
சிரிப்பு வரும்.
சிரித்தால் தாங்காது என்று
அதையும் சேர்த்து அடக்குவோம்.

கிலாங் மூடிய வாரம்
ஆளாளுக்கு நாற்காலி, விசிறி என்று தூக்கிப்போனார்கள்.
தவமலர் வெறுங்கையோடு போனதாக
இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வட்டக் கண்ணாடி போட்ட ஒரு பெண்
வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.
‘உழைப்பின் கீழ் பெண்ணுடல்’ என்றாள்.
‘காலத்தின் வன்முறை’ என்றாள்.
சரியாகத்தான் இருக்கும்.
எனக்கு நினைவு வந்தது
அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததுதான்.
ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு
மற்றதெல்லாம் ஒரு கையால்.

அப்புறம்தான் பார்த்தேன்.
கீழிருந்து நாலாவது வரி.
0417. போனது 2.40. வந்தது 3.06.
இரண்டு வட்டம்.
ஓரத்தில் மலாயில், ‘எச்சரிக்கைக் கடிதம் கொடு.’

0417 நான்.

மூன்று மாதம் என்று
வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.
டிஷ்யூ தீர்ந்ததும்
உள்பாவாடையைக் கிழித்தேன்.
திரும்பி வந்து உட்கார்ந்து
விட்ட கம்பியிலிருந்து தொடங்கினேன்.
அன்றைக்கும் என் கோட்டா குறையவில்லை.

தவமலர் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.
தலை நரைத்திருந்தாள்.
“தெரியும், அது உன் வரிதான்.
வேணாம்னா சொல்லு, இப்பவே மறைச்சிடறேன்.”

யாரைக் கேட்டு மாட்டினாய் என்று
கேட்கத்தான் வாயெடுத்தேன்.
“கழிவறை எங்க?” என்று வந்தது.

பின்கட்டில், காற்றுமுற்றம் தாண்டி.
தாழ்ப்பாள் இருந்தது. போட்டேன்.
வந்த வேலை ஒன்றுமில்லை,
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
மேலே கையகலச் சன்னல்.
அதில் பள்ளிவாசல் புறா ஒன்று
வருவதும் போவதுமாய்.

யாரோ தட்டினார்கள்.
கொஞ்சம் பொறுத்து
மறுபடியும் தட்டினார்கள்.

தமிழிலேயே சொன்னேன்,
சற்றுச் சத்தமாகவே:
ஆளிருக்கு.