பச்சைக் கதவு

முகவரி சொல்லுங்கள் என்கிறேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும்.
பிறகு ஓர் ஆண்குரல்:
மேலே. குன்றுக்கு மேலே. பச்சைக் கதவு.

பச்சைக் கதவு எத்தனை இருக்கிறது தெரியுமா ஐயா,
உலான்பாத்தரின் வடக்குக் குன்றுகளில்?
போன கோடையில் சந்தைக்கு வந்த பெயிண்டில்
பச்சை மட்டும்தான் மலிவு.

என் திரையில் அந்தக் குன்று மொட்டை.
வரைபடக்காரர்கள் வந்துபோன பிறகு
ஒரே குளிரில் மந்தை மொத்தமும் செத்து
கெர் கூடாரத்தை மடித்து லாரியில் ஏற்றி
வந்திறங்கியவர்கள்.
இரண்டு வேலி போட்டால் நடுவே ஒரு தெரு.
பெயர் வைக்க வேண்டிய அலுவலர்
இன்னும் மேடேறவில்லை.

பெயர்?
மியாக்மர்சுரேன். மனைவி நோமின்தாரி.
பனிக்குடம் உடைந்து அரைமணி.
வெளியே பனி
உடையாமல் கிடக்கிறது, மைனஸ் முப்பத்தொன்று.
கரிப்புகை வேறு இறங்கிவிட்டது.
ஓட்டுநர் துமுர்கூ
முன்விளக்கைத் தொட்டுப் பார்த்துத்தான்
எரிகிறதென்று நம்புவான்.

பக்கத்தில் தண்ணீர்க் கடை?
இருக்கிறது. எண் தெரியாது.
தண்ணீர் ஊற்றுகிற அம்மாளுக்கு ஒரு பல் தங்கம்.

சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
எனக்கும் அவள்தான் ஊற்றினாள்
நான்கு வருஷம்.
அந்தக் கேனை இழுத்த கையால்தான்
இரவுப் பள்ளியில் தட்டச்சு பழகினேன்.
இன்று எனக்குச் சூடான அறை, சுழல் நாற்காலி,
மாதம் பிறந்தால் சம்பளம்.
இந்த ஊரை நான் முழுசாகத் திட்ட முடியாது.

பக்கத்து வேலிக்காரர் பெயர்?
தெரியாது. போன மாதம் வந்தவர்.
இப்போது தெரிந்துகொள்ளுங்கள். தட்டுங்கள்.
எல்லாக் கதவையும் தட்டுங்கள்,
ஆளுக்கொரு போனில் டார்ச் போட்டு
வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.

இணைப்பைத் துண்டிக்கவில்லை.
தகரம் அதிர்கிறது. நாய். இன்னொரு நாய்.
யாரது இந்நேரத்தில் என்றொரு கோபம்,
அது பாதியில் நின்று
எங்கே என் பூட்ஸ் என்கிறது.

வாக்கிடாக்கியில் துமுர்கூ:
அக்கா, புகைக்குள்ளே பதினோரு வெளிச்சம்,
கோணல்மாணலாய் ஒரு வரிசை.
அது தெருவா?
தெருதான், ஏறு.

குழந்தை ஆணா பெண்ணா,
அழுததா,
எனக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அது வேறு துறை.
படிவத்தில் தெருப்பெயர் கட்டம் காலியாக இருந்தால்
கணினி மூடவிடாது.
பதினோரு வெளிச்சம் என்று அடித்தேன்.
கட்டம் சிவந்தது: பட்டியலில் இல்லை.

அடுத்த அழைப்பு அதற்குள்.
நகர மையம், புதுக் கட்டிடம்,
கோபுரம் எண், நுழைவு எண், கதவு எண்,
எல்லாம் கச்சிதம்.
பதினாறாம் மாடி,
நெஞ்சுவலி,
லிஃப்ட் ஓடவில்லையாம்.