வற்று நேரம்

டிப்போவின் சமூகக் குழு வருடத்துக்கு ஒருமுறை
எங்கேயாவது கூட்டிப் போகும்.
போன வருடம் செம்மறிக்கு மயிர் வெட்டுவதைப் பார்த்தோம்.
இந்த வருடம்
புரூக்ளின் படகுத்துறை, காலை எட்டரை.
பதினேழு சாரதிகள், இரண்டு மெக்கானிக்குகள்,
ஒரு ஐஸ்பெட்டி.
ஓட்டுவதற்கு எதுவுமில்லாத பதினேழு பேர்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தொடையில் வைத்துக்கொண்டோம்.

"இடப்பக்கம் பாரம், யாராவது மாறுங்கள்"
என்றாள் படகுக்காரி நோரீன்.
எழும்பியது நானும் லலித்தும்.
ஒரே வாங்கில் வந்து இருந்தோம்.
ஆறு வருடமாய் ஒரே டிப்போ.
அவன் குருநாகல். நான் வற்றாப்பளை.
கிரிக்கெட் கதைப்போம், ஓவர்டைம் கதைப்போம்,
ஒரேயொரு வருடம் வந்தால் மட்டும்
வீதி மூடியிருப்பதுபோல்
சுற்றுப்பாதை எடுப்போம்.

ஆறு அகலம், பழுப்பு.
சிப்பிப் பண்ணையின் கறுத்த கம்புகள்
யாரோ நட்டுவிட்டு மறந்த கதியால்கள்.
ஹர்பிந்தர் சமோசாப் பொட்டலம் பிரித்தான்.
சோசேஃபோ மூன்று எடுத்தான்,
நாலாவதுக்கு மன்னிப்புக் கேட்டான்.

குகை என்றால் குகையில்லை.
மணற்கல் வாய் பிளந்த ஓர் ஒதுக்கு,
தேனடையாய் அரித்த கூரை,
அடியில் புத்தர்.
பைபர் கிளாஸ்.
சிப்பி ஏற்றும் தட்டைப் படகில்
மல்லாக்கக் கிடத்திக் கட்டி வந்தோம்
என்று சிரித்தார் லாவோஸ்காரப் பிக்கு.
வழியில் மழை.
முகத்துக்கு மட்டும் குடை பிடித்தார்களாம்.

எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள்.
நான் நாடாவை அவிழ்த்தேன். திரும்பக் கட்டினேன்.
எங்கள் பக்கம் அவர் இப்படி வரவில்லை.
ஒருநாள் விடியச் சந்தி அரசமரத்தடியில் இருந்தார்,
பக்கத்தில் முள்ளுக்கம்பி.
பிறகு அந்த வழியால்
சைக்கிளை விட்டு இறங்கி உருட்டித்தான் போனோம்.
சிலையில் பிழையில்லை, அது அப்போதே தெரியும்.
கால்தான் கேட்கவில்லை.

லலித் உள்ளே போய் நெடுநேரம் கும்பிட்டான்.
என்னைக் கூப்பிடவில்லை.
அதற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.
நான் ஓர் உடும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
எங்கள் ஐஸ்பெட்டியிலிருந்து அவித்த முட்டை எடுத்த உடும்பு.
அது போய் மறைந்த பாறையில்
வெண்களி ஊதிப் பதித்த ஒரு கை.
சின்னக் கை.
"நாங்கள் வர எத்தனையோ காலத்துக்கு முந்தியது" என்றார் பிக்கு.
"இருக்கலாமா என்று தினமும் கேட்கிறேன்."
பதில் வந்ததா என்றேன்.
"இன்னும் இல்லை."

அன்று மணிக்கூட்டை ஒரு மணி முன்தள்ளிய ஞாயிறு.
நோரீன் மணிக்கூட்டைத் தள்ளினாள்,
அலை அட்டவணையைத் தள்ள மறந்தாள்.
கண்டல் ஓரச் சேற்றில் படகு குந்திவிட்டது.
பதினேழு பேரும் ஆலோசனை சொன்னோம்:
ரிவர்ஸ் போடு. வலத்தே உடை. கொஞ்சம் விட்டு எடு.
கடைசியில் இறங்கினோம்.
அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றினேன்.

முழங்கால்வரை சேறு.
அந்த மணம்.
தோளோடு தோள் தள்ளிக்கொண்டு
என்ன என்று கேட்டான் லலித்.
எங்கள் களப்பும் இப்படித்தான் மணக்கும் என்றேன்.
எந்தக் களப்பென்று அவன் கேட்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து, ஆங்கிலத்தில்,
"என் மல்லி அங்கே இருந்தான்" என்றான்.
இருந்துவிட்டு வந்தானா, இருந்ததோடு சரியா,
அந்தச் சொல்லுக்குள் இரண்டுக்கும் இடமிருந்தது.
நானும் கேட்கவில்லை.
தள்ளினோம்.

படகு ஒரு சாண் அசைந்தது. அவ்வளவுதான்.
ஒன்றரை மணிநேரம் கழித்துத் தண்ணீர் தானாக வந்து தூக்கியது.
உங்கள் தள்ளலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை
என்றாள் நோரீன்,
வெள்ளைப் பக்கப்பலகை முழுக்க
எங்கள் சேற்றுக் கைகளைப் பார்த்தபடி.

திங்கள், காலை ஐந்து நாற்பது.
நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.
பிளாக்டவுன் பக்கம் எதிரே அவன் பஸ்.
சாரதிகள் எதிர்ப்பட்டால்
ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்குவது வழமை.
தூக்கினான். தூக்கினேன்.
எத்தனை விரல் என்று பார்க்கவில்லை.
பின்னாலிருந்து ஒரு பெண்
பெல்லை அழுத்தி அழுத்திக் கத்தினாள்,
அவளுடைய தரிப்பிடம்
தாண்டிவிட்டதாம்.