பந்தியில் கொக்கு

ஊத்துக்கோட்டை குடோனில்
பதினோரு மூட்டை சன்னரகம் கிழிந்து கிடந்தது.
சேத அறிக்கையில் நாலாவது கட்டம்:
சேதம் செய்த உயிரி, அறிவியல் பெயருடன்.

பெருச்சாளி என்று எழுதியிருந்தேன்.
ஆய்வுக்கு வந்த அதிகாரி அடித்துவிட்டு
கண்ணாடியைத் துடைத்தபடி
எழுத்தெழுத்தாகச் சொன்னார்:
பாண்டிகோட்டா.

மதுரைப் பக்கமா சார் என்றேன்.
சிரிக்கவில்லை. லத்தீன் என்றார்.

வாயில் கவ்விய கோணி ஊசியோடு
நிமிர்ந்தாள் முனெம்மா, நாகலாபுரத்துக்காரி.
"அதி மா பந்திகொக்கு கதா?"

எனக்கு ஏழு வயசு.
பிச்சாட்டூரில் ஒரு கல்யாணம்.
இலை போட்டாயிற்று, சாம்பார் வந்துகொண்டிருக்கிறது,
சமையல்கட்டில் யாரோ அலறுகிறார்கள்
பந்திகொக்கு, பந்திகொக்கு!
வரிசை முழுக்கத் தேடினேன்,
பந்தியில் எங்கே கொக்கு,
ஒற்றைக் காலில் நின்றா சாப்பிடும் என்று.
கால்களுக்கிடையே கறுப்பாக ஒன்று
மயிர் சிலிர்த்து உறுமிக்கொண்டு ஓடியது.
பந்தி அவர்களுக்குப் பன்றி.
கொக்கு அவர்களுக்கு எலி.
வெள்ளையாய் நிற்கும் நம் கொக்கு
அங்கே கொங்க.

எந்தத் துறைமுகக் கிடங்கிலோ
எந்தக் கூலியாள் கத்த
எந்தத் துரை காதில் வாங்கினானோ,
பகரம் கனத்துவிட்டது.
(தமிழில் எழுதினால் அது கனத்ததே தெரியாது.)
கப்பலேறிப் போய்
வயிற்றில் பையும் நீள மூக்குமாய்
ஆஸ்திரேலியாவில் திரிந்த எதன் மேலோ
ஒட்டிக்கொண்டது பாண்டிகூட் என்று.
அதற்குப் பன்றியும் உறவில்லை, எலியும் உறவில்லை.
வால் பக்கம் ஓர் ஆகாரம் சேர்த்து
கோட்டு மாட்டிய இன்னொன்று
இப்போது என் நாலாவது கட்டத்தில்
உட்கார இடம் கேட்கிறது.

எழுதினேன். கையெழுத்து, சீல்.
ஜீப் போன புழுதி அடங்கவில்லை,
வளைக்குள் கம்பி விட்டுப் பார்த்தோம்.
ஆறடி போயும் முட்டவில்லை.
சத்தியவேடு ரோட்டுப் பக்கம் திரும்பி
செக்போஸ்ட்டுக்கு அடியில் போகிறது போல.
மேலே லாரிகள் பர்மிட்டோடு
வரிசையில் நின்றன.

பாட்டில் சில்லும் சிமெண்டும் குழைத்து வைத்திருந்த முனெம்மா
அடைப்பதற்கு முன்
குனிந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு
மரியாதையாகக் கூப்பிட்டாள்:

பாண்டிகோட்டா காரு...

உள்ளே ஏதோ
நெல் மெல்வதை நிறுத்தியது.