பிடித்தம்

சோஹார் துறைமுகத்திலிருந்து இருபது நிமிடம், எங்கள் முகாம்.
வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து, பிரியாணியும் முடிந்து
மெஸ் மேசைகளைச் சுவரோரம் தள்ளினோம்.
மஸ்கட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார்
ஊக்கம் கொடுக்க.

திரையில் கழுகு பறந்தது.
எறும்புகள் இலை சுமந்தன.
'நீங்கள் தொழிலாளிகள் அல்ல, குடும்பம்' என்றார்.
வர்க்கீஸ் அதை இந்தியில் சொன்னார்,
யாரோ வங்காளத்தில் சொன்னார்கள்,
கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது
வேறு எதுவாகவோ ஆகியிருந்தது,
அங்கே சிரித்தார்கள்.

பிறகு அந்த விளையாட்டு.
ஒருவன் கண்ணை மூடி, கையைக் கட்டி
மரம்போலப் பின்னால் சாய வேண்டும்.
இன்னொருவன் பிடிக்க வேண்டும்.
நம்பிக்கை என்று பலகையில் எழுதி
கீழே இரண்டு கோடு போட்டார்.

சேவுகனை எழுப்பினார்கள்.
சாரம் கட்டுகிறவன். நாற்பது மீட்டர் உயரத்தில்
கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து,
இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்துத்தான்
ஒரு காலை எடுத்து வைப்பான்.
பிடிக்க என்னை நிறுத்தினார்கள்.

நான் டைம் கீப்பர்.
என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.
கேட்டில் விரல் வைத்த நேரம் எனக்கு வரும்.
ஆறு நாற்பத்தேழு என்றால் ஆறரை.
ஏழு இருபத்தெட்டு என்றால் ஏழு.
'ரவுண்ட் பண்ணு' என்பதுதான் ஹோஸ்னி சார் சொன்ன சொல்.
திருடு என்று எவரும் சொன்னதில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், இருபத்தாறு நாள்,
ஆளுக்குப் பதினைந்து நிமிடம், இருபது நிமிடம்.
ரியாலுக்குப் பின்னால் மூன்று தசமம் எழுதுகிற நாடு இது.
மூன்றையும் நான் விட்டதில்லை.
மார்ச் மாதத்தின் சிறந்த ஊழியர் நான்தான்.
படம் கேன்டீன் வாசலில் இருக்கிறது
சட்டைப்பையில் பேனாவோடு.

சேவுகன் திரும்பிப் பார்க்கவில்லை.
கொக்கி இல்லை.
விழுந்தான்.

ஐம்பத்தெட்டு கிலோ இருப்பான்.
கழுத்தெல்லாம் வியர்க்குரு.
என் முழங்கால் ஒரு கணம் மடங்கிற்று; பிடித்துவிட்டேன்.
கைதட்டினார்கள்.
'நல்லாப் புடிக்கிறீகண்ணே' என்றான்.
அவன் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை.

அன்றிரவு கேபினில் ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
அவன் வரியை மட்டும் திருத்தினேன்.
ஏழு ரியால் நூற்றைம்பது பைசா.
மனசு லேசாயிற்று. டீ போட்டேன்.
டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது,
இது நியாயம் இல்லை, தயவு.
மற்ற முந்நூற்றுப் பதினொரு பேரும்
என்மேல் விழவில்லை, அவ்வளவுதானே.
மொஃபிசுல். தேக் பகதூர்.
ஒரு கண் மங்கிய லால்மோகன்.
நாலு மணிக்குப் பாங்கு சொல்லும்வரை
விரல் வைத்த நிமிடத்தை அப்படியே எழுதினேன்.

ஹோஸ்னி சார் கையெழுத்துப் போட்டார்,
எப்போதும்போலப் போனில் பேசிக்கொண்டே, படிக்காமல்.
அந்தப் படிக்காத கையெழுத்து
ஐந்து வருடத்தில் முதல் தடவை
எங்கள் பக்கம் நின்றது.
எங்கள் என்று எழுதிவிட்டேன்.
அந்தச் சொல்லை எடுக்க எனக்கு உரிமை உண்டா,
தெரியவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

மூன்று மாதத்தில் ஆடிட் வரும்.
'தயாரித்தவர்' என்ற கோட்டின்மேல்
என் பெயர் தெளிவாக இருக்கிறது.

சம்பளத்துக்கு மறுநாள், ஜன்னலில் சேவுகன்.
கையில் சீட்டு, நாலாக மடித்தது.
பின்னால் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
குரலைத் தாழ்த்தினான்:
'அண்ணே, ஏழு ரியால் கூட வந்திருக்கு.
தப்பா ஏறியிருக்கும். இப்பவே எடுத்துக்கிடுங்க.
ஊருக்கு அனுப்புன பெறகு புடிச்சீகன்னா
தாங்காதுண்ணே.'

உன்னுதுதான் என்றேன்.
போகவில்லை.
உன் நேரம்தான், உன் விரல்தான் என்றேன்.
சீட்டைத் திருப்பி நீட்டினான்:
'அப்ப பின்னால எழுதிக் குடுங்கண்ணே,
புடிக்க மாட்டோம்னு.'

எழுதினேன். தேதி போட்டேன்.
வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து,
மையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.
இன்னொரு தடவையும்
தேய்த்துப் பார்த்தான்.