ஆறாவது கேள்வி

எத்தேரி குத்தாயிசியிலிருந்து வந்தாள்,
மூன்று வாரத்துக்கு, ஒரு நிதியத்தின் செலவில்.
நான் அங்கே போயிருந்தபோது பனி.
இங்கே அவளுக்குக் கச்சான் காற்று,
வாய்க்குள் மணல்.

நிலாவெளி வீதியில் ஓட்டோ திரும்பும்போதே சொன்னாள்:
"வெள்ளிக்கிழமை வரை என் கதவில்
விஞ்ஞானக் கம்யூனிசம் என்றிருந்தது.
திங்கள் காலை சமூகவியல்.
திறப்பு அதேதான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
எங்கள் துறைக்குப் பெயர்ப்பலகை வந்ததே
போன மாசியில்.
அதிலும் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது.

புத்தகங்களைப் பற்றிக் கேட்டேன்.
பெட்டி பெட்டியாய் வந்தனவாம் அந்த வருடங்களில்,
ஒரே நூலின் நாற்பது பிரதிகள்:
தூரதேசப் புறநகர் ஒன்றில்
சனிக்கிழமைகளில் புல்வெட்டும் மனிதரின் தனிமை.
கரண்ட் இல்லாத குளிர்காலம்.
மெழுகுதிரியைச் சுற்றி ஐந்தைந்து பேராய்
அந்தப் புல்லைப் படித்தார்கள்.
"பரீட்சையில் நன்றாகவே எழுதினார்கள்.
கடைசியில் ஒரு கேள்வி, உன் தெருவைப் பற்றி எழுது என்று.
எல்லாத் தாளும் வெள்ளை."

கோணேசபுரியில் மின்விசிறி இல்லாத அறையில்
அவளுடைய வினாக்கொத்தை மொழிபெயர்த்தோம்.
ஆறாவது கேள்வியில் நின்றுவிட்டோம்:
உங்கள் தெருவில் யாரில் நம்பிக்கை?
"எங்களிடம் மூன்று சொல்," என்றாள்,
"கடவுளுக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று,
பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒன்று."
எங்களிடம் ஒன்றுதான்.
சீட்டுக் காசு கட்டுவதும் அதன் பேரில்,
கற்பூரம் கொளுத்துவதும் அதன் பேரில்.

கிண்ணியாவின் ரிஸ்மியா,
கந்தளாயிலிருந்து சமோத்யா,
சம்பூர்ப் பக்கம் வழி தெரிந்த விதுஜன்
மூவரும் பஸ் ஏறிப் போனார்கள்.
தகரம் இன்னும் மினுங்கும் ஒரு வீட்டில்
அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாவாம்.
"இத நிரப்பினா வீட்டுத்திட்டம் வருமோ, தம்பி?"
வராது.
"ஆரையும் தேடித் தருவியளோ?"
இல்லை.
"அப்ப ஏன் கேக்கிறியள்?"

விதுஜனுக்கு வாய் வரவில்லை.
அரைத் தமிழ் தெரிந்த சமோத்யா
கேட்ட ஒலியை அப்படியே
ஓரத்தில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்.

திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில்
ரிஸ்மியாவின் பைக்குள் தலைவிட்டது ஒரு மான்.
நூற்றுப்பதின்மூன்று தாளில் ஒன்று போய்விட்டது.
மான் தின்றது என்று அறிக்கையில் எழுதினேன்.
விளக்கம் கேட்டு நிதியம் இரண்டு கடிதம் போட்டது.
படம் அனுப்பினேன். மூன்றாவது வரவில்லை.

எத்தேரி அந்த ஓரக்குறிப்பை வாசிக்கச் சொன்னாள்.
சமோத்யா வாசித்தாள், நான் பொருள் சொன்னேன்.
அவள் கண்ணாடியைக் கழற்றி,
துடைக்காமல் திரும்பப் போட்டாள்.
"எங்கள் மாடிப்படியிலும் ஒருத்தி கேட்டாள்.
பாண் வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தாள்.
புதிய சமூகத்தைக் கட்ட என்று சொன்னேன்.
பழைய பாடத்திலிருந்த வசனம்;
புதிய பாடத்திலும் இருந்தது.
கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்."

அதன்பிறகு கொஞ்ச நேரம்
உப்புவெளிப் பக்கம் வலை இழுக்கிற சத்தம் மட்டும்.

போய்விட்டாள்.
'விருந்தோம்பிய துறை அடைந்த பயன்'
என்ற கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.
ஐப்பசியில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது:
குத்தாயிசியின் கரும்பலகை,
எனக்கு வாசிக்கத் தெரியாத உருண்டை எழுத்தில்
ஒற்றை வரி.
கீழே, எனக்காக, ஆங்கில எழுத்தில் அதன் ஒலி.
உச்சரித்துப் பார்த்தேன்.
அப்ப ஏன் கேக்கிறியள்.

அதற்கும் கீழே பதிலுக்கு விட்ட இடம்,
பலகையின் அடிவரை.
முன்வரிசையில் ஒரு பெடியன்
பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.