நான்கு மெல்லிய பூச்சு

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி விளிம்புவரை இறுகிவிட்டது.
மாலை ஆறரைக்கு நீதிமன்றத்தின் பின்கதவு
எங்கள் அட்டைகளுக்குத் திறக்கும்.
வழக்கறிஞர்களின் பூட்ஸ் பகலெல்லாம் சுமந்துவந்த உப்பு
தரையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.
பனி கரைய நகராட்சி சாலையில் போட்டது.
தின்றவர் யாருமில்லை,
தரையைத்தான் அது தின்கிறது.

நாங்கள் நான்கு பேர்.
லோர்னா கிவெலாவுக்குக் காது கேட்காது.
பாலிஷ் எந்திரத்தின் பிரஷ் தேய்ந்துபோனதை
உள்ளங்காலால் முதலில் அறிபவள் அவள்தான்.
பாவ் வாங் சக்கர நாற்காலியில் இருந்தபடி
கண்ணாடிகளின் கீழ்ப்பாதியைத் துடைப்பான்,
மேல்பாதி என்னுடையது.
நடுவில் ஒரு கோடு விழும்.
அதற்கு யார் பொறுப்பென்று ஆறு வருடமாகச் சண்டை.
நான் முன்பு லாரி ஓட்டினேன்.
வலிப்பு வந்தது, உரிமம் போனது.
இப்போதும் நான்கு சக்கரம்தான்,
மேலே இருப்பது வாளி.

ஆரின் ஹாகெனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.
டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன், முப்பத்தேழு வயது.
மெழுகு அவன் இலாகா.

எங்களை வேலைக்கு வைத்த நிறுவனம் லாபம் பார்க்காதது.
ஆகவே ஆண்டுக்கொருமுறை விருந்து வைத்தே ஆகவேண்டும்.
ஹோட்டல் கூடம், வட்ட மேசைகள்,
தட்டுக்கு நூற்றைம்பது டாலர்.
"இந்த வேலை உன் வாழ்க்கையை எப்படி மாற்றியது,
அதை மட்டும் சொல், ஆரின். இரண்டே நிமிடம்"
என்றாள் இயக்குநர் கிரெட்சென்.
கெட்டவள் இல்லை அவள்.
எங்கள் பல் காப்பீட்டுக்காக
யார் யார் வாசலிலோ நின்றவள்.

டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரின் மேடையேறினான்.
கைக்குட்டைகள் பைகளிலிருந்து பாதி வெளியே வந்தன.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பான் என்று
ஒரு கூடமே காத்திருந்தது.

உப்பிலிருந்துதான் தொடங்கினான்.
"முதல்ல உப்பை எடுக்கணும்.
வெறும் தண்ணி போதாது,
அது உப்பை இடம் மாத்தும், அவ்வளவுதான்.
பழைய மெழுகை உரிக்கணும், மூலையில கத்தியால.
அப்புறம் நாலு பூச்சு. மெல்லிசா.
ஒரே தடவையில தடிமனாப் பூசினா
மேலே காயும், உள்ளே காயாது.
மார்ச் மாசம் மஞ்சளாகும்.
பூச்சுக்குப் பூச்சு நாற்பது நிமிஷம்.
காஞ்ச மாதிரிதான் தெரியும், நம்பக்கூடாது.
இப்படிப் புறங்கையை வச்சுப் பாக்கணும்."
மைக்கின் மேல் வைத்துக் காட்டினான்.
ஒலிபெருக்கி கரகரத்தது.

பதினொரு நிமிடம்.
கிரெட்சென் முகத்தில் ஈயாடவில்லை.
லோர்னாவுக்காகச் சைகை செய்த பெண்
மெழுகு, மெழுகு, மறுபடி மெழுகு என்று
விரல் ஓய்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மூணாவது மாடியில யாரோ
மேசைக்கு அடியில சூயிங்கம் ஒட்டுறாங்க.
யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான் ஆரின்.
நான்காம் மேசையில் ஒரு நீதிபதி
தாடை அசைப்பதை நிறுத்தினார்.
"அப்புறம் மணிக்கு ஐம்பது சென்ட் கூட்டித் தரணும்.
நாலு வருஷமாச்சு."

இறங்கி வந்து கேக் சாப்பிட்டான்.
பிறகுதான் கைதட்டல் வந்தது,
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்.

ஜூலையில் முப்பது சென்ட் கூடியது.
பேச்சுக்கா, சட்டத்துக்கா, யாரும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு என்னைக் கேட்டிருக்கிறார்கள்.
லாரி, வலிப்பு, இருட்டு, பிறகு நாங்கள்,
இந்த வரிசையில் சொன்னால் நன்றாக இருக்குமாம்.
நேற்று மூன்றாம் பூச்சுக்குக் காத்திருக்கையில்
ஆரினிடம் யோசனை கேட்டேன்.
"கண்ணாடிக் கோட்டைப் பத்திச் சொல்லு" என்றான்.
"அது பாவ் தப்பு."
"உன் தப்பு."

தாழ்வாரம் நீளத்துக்குப் பளபளத்தது.
எனக்குக் காய்ந்துவிட்டதாகவே பட்டது.
குந்தியமர்ந்து புறங்கையை வைத்துப் பார்த்து
ஆரின் தலையசைத்தான்.
இன்னும் இல்லை.