மற்றப் பக்கம்

வில்லுக்கத்தியைப் பிரிக்க முதல்
தறை எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும்.
இது துணுக்காய்ச் சந்தையில் வாங்கிய சீனக் கத்தி.
இரண்டு பக்கமும் அடித்து, ராவி, மினுக்கி
ஆணி எங்கே முடிகிறது கைப்பிடி எங்கே தொடங்குகிறது
ஒன்றும் தெரியவில்லை.
செய்தவனுக்கு இதை யாரும் கழற்றுவார்கள் என்ற எண்ணமே இல்லை.

நான் மல்லாவியில் தையல் மெசின் திருத்துகிறவள்.
கத்தி என் வேலை இல்லையென்று சொன்னேன்.
சந்திரவேணி கேட்கவில்லை. உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.
"பல்லாலை இழுத்து இழுத்து
பார், முன்பல்லிலை ஒரு மூலை போட்டுது."

ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை.
நான் வாய் திறக்கமுதல் அவளே:
"எல்லாரும் ஷெல் எண்டுதான் நினைக்கினம்.
சண்டைக்குள்ளை எனக்கொரு கீறலும் விழேல்லை.
இது சூடடிக்கிற மெசின்.
அதுவும் மற்றாக்களின்ரை வயல்."

பயற்றம்பந்தலுக்குக் கயிறு அறுக்கவேணும்,
உரப்பையின் வாய்த்தையல் பிரிக்கவேணும்,
பெருவிரலால் தள்ளினால் விரியவேணும்.
"அவ்வளவுதான்" என்றாள்,
ஏதோ பட்டன் தைக்கிற வேலைபோல.

இரவு கடையைச் சாத்திவிட்டு வைஸில் இறுக்கினேன்.
ஆணித்தலையை ராவ ராவ
மங்கலாய் ஒரு வட்டம் வந்தது, நிலவுக்கறை மாதிரி.
அதன் நடுவில் பொடி உளியை வைத்துத் தட்ட
மூன்றாம் தட்டில் ஆணி போனது.
வில் ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம்,
பித்தளை வாஷர் உருண்டு
அலுமாரிக்குக் கீழே.
டோர்ச் அடித்துக் குப்புறக் கிடந்து தேடினேன்,
அரைமணித்தியாலம்.

அலகு லேசில் துளைபடாது.
இரண்டு பிட்டு கருகி முறிந்தது.
மாபிள் துளைக்கிற பிட்டு ஒன்று மேசன் ஜெனோவாவிடம் இரவல்,
தண்ணீர் விட்டு விட்டு, மூச்சை அடக்கி.
துளையில்
பழைய சிங்கர் ஒன்றின் ஊசி இறுக்கும் திருகாணி,
விரலுக்குச் சொரசொரப்பாய், அளவாய்.
அது படுக்கக் கைப்பிடியில் ஒரு பள்ளம்.

வில்லை மெலிதாக்கினால் அலகு இலகுவாய் விரியும்.
இலகுவாய் விரலிலும் மூடும்.
அவளிடம் இருப்பது ஐந்து விரல்.
ஆகவே ஒரு ராவல், பூட்டிப் பார்த்தல்,
திரும்பக் கழற்றல், இன்னொரு ராவல்.
ஆணிக்குச் சைக்கிள் கம்பித் துண்டு.
கடைசியாய்த் தலையைத் தறையும்போது மட்டும்
நடுவில் ஒரு கடதாசி வைத்து அடிக்கவேண்டும்,
அடித்தபின் உருவவேண்டும்.
அந்தக் கடதாசித் தடிப்பளவு இடைவெளியில்தான்
கத்தி அசைகிறது.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
நான் என் கையில் பிடித்து விரித்துக் காட்டினேன்,
டக்கென்று, ஒரு பெருமையோடு.
அவள் வாங்கிப் பிடித்தாள்.
பெருவிரல் தடவியது. தடவியது.
திருகாணி மற்றப் பக்கத்தில் இருந்தது.

அவளுக்கு இருப்பது இடக்கை.
மூன்று இரவும் நான் என் வலக்கையால்
விரித்து விரித்துப் பார்த்திருக்கிறேன்.
இல்லாத கையை அவ்வளவு வடிவாய்ப் பார்த்தவள்
இருந்த கையைப் பார்க்கவில்லை.

"இரு" என்றேன். வேறென்ன சொல்ல.
திருகாணியைக் கழற்றி மறுபக்கத்தால் ஏற்றி,
அந்தப் பக்கமும் பள்ளம் வெட்டி,
முகத்தை நிமிர்த்தாமலே கொடுத்தேன்.
இந்தமுறை விரிந்தது.
தொடையில் அழுத்தி மூடினாள். விரித்தாள். மூடினாள்.
கதவோரம் கட்டியிருந்த என் பிளாஸ்டிக் கயிற்றை
கேளாமலே ஒரு அறுப்பு.

"இஞ்சாலை ஒரு பள்ளம் சும்மா கிடக்கே, என்னத்துக்கு?"
"பிழை."
"கிடக்கட்டும், அழுக்குச் சேரும், பிறகு தெரியாது."

அறுநூறு என்றேன். ஐந்நூறு என்றாள்.
சரி என்றேன், முறிந்த பிட்டுகளைச் சொல்லவில்லை.
காசு எடுக்கவேண்டும்.
மூடிய கத்தியைப் பற்களில் கவ்விக்கொண்டு
சட்டைக்குள் கையை விட்டாள்.